செல்லத்தாய்க்கு எந்தக் குரூப்?

— அப்படி இல்லை, கேட்டேளா. மொதல் குரூப்னா ஒசத்தி, மூணாவது குரூப்னா மட்டம்னு ஒண்ணும் கெடையாது. பஸ்ல யாரோ சொன்னான்னு அதையே பிடிச்சுண்டு நிக்கப்படாது.

— பஸ்ஸுல சொல்லல டீச்சரம்மா. புது மண்டபத்துப் புத்தகக் கடைக்காரருதான் கேட்டாரு. பதினொண்ணாப்புப் புத்தகம் ஒரு செட்டு குடுங்கன்னேன். எந்தக் குரூப்புன்னாரு. முழிச்சேன். பெரிய பள்ளிக்கூடத்துல அகிலாண்டம் டீச்சர்னு ஒருத்தவுக பெத்தவுகளுக்கெல்லாம் வெளக்கம் சொல்றாக, அங்கன போயிக் கேட்டுட்டு வாய்யான்னு அனுப்பிவிட்டாரு.

— கடைக்காரர் வரைக்கும் என் பேர் போயிடுத்தா! ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை இந்த மேஜையில உக்கார வெச்ச நாள்லேருந்து என் தொண்டை போயிடுத்து. சரி, ஆதியிலேருந்து சொல்றேன். இத்தனை நாளா பதினோரு கிளாஸ் படிச்சா எஸ்.எஸ்.எல்.சி. அப்புறம் காலேஜ்ல பி.யூ.சி. இப்போ அதை எடுத்துட்டா. பத்தாவதோட எஸ்.எஸ்.எல்.சி. முடிஞ்சுது. அதுல தேறினவா இன்னும் ரெண்டு வருஷம் ஸ்கூல்லயே படிக்கணும். பிளஸ் ஒன், பிளஸ் டூ. புரியறதா?

— புரியுதுங்க. ஏ சீனி, ஒனக்குப் புரியுதா?

— நீங்க கேளுங்க. நான் காதக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— ஏம்மா கதவுகிட்டயே நிக்கறேள்? உள்ள வந்து பெஞ்சுல உக்காருங்கோ. பொண்ணோட படிப்புன்னா அம்மாவுக்கும் தெரியணும். பேர் என்ன?

— இவ சீனியம்மா. நான் மலைச்சாமிங்க. கொட்டாம்பட்டிக்குப் பக்கம். ரோட்ட விட்டு உள்ள நடக்கணும். கொஞ்சம் நெலம் வாங்கியிருக்கோம், கடலை போடுவோம்.

— கடலை போடறேளா. அப்போ உங்களுக்கு லேசாப் புரியும். மண்ணைப் பாத்துத்தானே விதைப்பேள்? பொண்ணுக்கு எது வருமோ அதைப் பாத்துத்தான் குரூப். தமிழும் இங்கிலீஷும் எல்லாருக்கும் உண்டு. அதுக்கு மேல நாலு பாடம். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரின்னு சேந்து வந்தா அது மொதல் குரூப். இன்ஜினீயருக்குப் போலாம். செடி கொடி, ஜந்துக்கள் எல்லாம் படிச்சா அது டாக்டர், நர்ஸ் பக்கம். கணக்குப்பிள்ளை வேலை, பாங்க் வேலைன்னா காமர்ஸ். டைப்ரைட்டிங் மாதிரி தொழில் படிப்பும் வந்திருக்கு.

— நாலுலயும் தேறணுங்களா? இல்ல, நல்லா வந்த பாடத்த மட்டும் எழுதுனா போதுமா?

— நன்னாக் கேட்டேள். நேத்திக்கு ஒரு பாங்க் மேனேஜருக்கு இந்தக் கேள்வி தோணலை. எல்லாத்துலயும் தேறணும். கணக்குல நூறு வாங்கிட்டுத் தமிழ்ல கோட்டை விட்டா பிரயோஜனம் இல்லை. பிளஸ் டூ முடிவுல சர்க்கார் பரீட்சை. அதுல தேறினாத்தான் காலேஜ். சரி, உங்க பொண்ணுக்கு எது பிடிக்கும்?

— கணக்குங்க.

— கணக்குன்னா உசிரு தாயி. பெரியவளுக்கு மட்டுமில்ல, சின்னவளுக்குந்தான்...

— ஏ! பெரியவளப் பத்தி மட்டும் பேசு.

— அதுக்கேன் அவாளை அதட்டறேள்? ரெண்டு பொண்ணா உங்களுக்கு? நானும் கணக்கு டீச்சர்தான். கணக்குப் பிடிக்கும்னு ஒரு பொண்ணு வந்தா எனக்குச் சந்தோஷமா இருக்காதா? எங்கே, பத்தாவது மார்க் ஷீட்டைக் காமிங்கோ.

— அது இல்லீங்க.

— மறந்துட்டு வந்துட்டேளா? சரி, டி.சி.யாவது?

— டி.சி.ய ஆறாப்போடயே குடுத்துட்டாக.

— ஆறாங் கிளாஸோடயா! அப்புறம் எங்கே படிச்சா?

— வீட்டுலதான்.

— ஓ. பிரைவேட்டா பரீட்சை எழுதினாளா?

— எழுதலீங்க.

— என்ன மலைச்சாமி, இவ்வளவு நேரம் சொன்னது காதுல விழலையா? பத்தாவது தேறலைன்னா பிளஸ் ஒன்ல எந்தக் கொம்பனாலயும் சேக்க முடியாது.

— சேக்க வரலீங்க. என்ன புத்தகம் வாங்குறதுன்னு தெரிஞ்சாப் போதும்.

— அது எப்படி? அந்தப் பொண்ணைப் பாக்காம நான் என்னத்தைச் சொல்றது? நாளைக்குக் கூட்டிண்டு வாங்கோ. நாலு கேள்வி கேட்டுப் பாக்கறேன்.

— அவ வர மாட்டாங்க.

— ஏன், வெக்கப்படுவாளா?

— வெள்ளிக்கெழமதான் வருவா. அதுவும் வெளக்கு ஏத்துனப்பறம். அப்பயும் கேட்டதுக்குத்தான் பதில் சொல்லுவா. நாமளா எதுவும் காட்டச் சொன்னா கோவிச்சுக்கிட்டு மலையேறிருவா.

— மலையேறுவாளா? யாரைச் சொல்றேள் நீங்க?

— எம் மக செல்லத்தாயிங்க. எங்க வீட்டுக் கன்னி.

— கன்னின்னா... எனக்குப் புரியலை.

— நான் சொல்றேன் தாயி. கல்யாணம் ஆகாமப் போன பொம்பளப்புள்ள வீட்டுக்குத் தெய்வமாயிரும். அதுக்குன்னு பனையோலப் பொட்டி ஒண்ணு வீட்டுக்குள்ள ஒரு மூலையில இருக்கும். வருசா வருசம் புதுப் பாவாட சட்ட வாங்கி, வளவி, பொட்டு, சீப்போட பொட்டிக்குள்ள வச்சுக் கும்பிடுவோம். இங்கிட்டு எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். எங்க செல்லத்தாயி பள்ளிக்கூடத்துல இருந்து வாறப்ப தோட்டத்துக் கெணத்துல விழுந்து போயிட்டா.

— ஈஸ்வரா! செத்துப்போன கொழந்தைக்கா இவ்வளவு நேரம் நான் குரூப் சொல்லிண்டிருந்தேன்?

— கோவப்படாதீக டீச்சரம்மா. மொதல்லயே சொன்னா வெரட்டிருவீகன்னுதான் சொல்லல. அவ பாவாட சட்டயப் பாத்துப் பூரிக்கிற புள்ள இல்ல. புத்தகத்தத்தான் கேப்பா. அதனால பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு, அவ அந்த வருசம் எந்தக் கிளாஸுல இருக்கணுமோ அந்தக் கிளாஸுப் புத்தகத்தப் பொட்டியில வச்சிருவோம். ஏழாப்பு, எட்டாப்புன்னு வச்சு, போன வருசம் பத்தாப்பு வச்சாச்சு. இந்த வருசந்தான் குரூப்புன்னு ஒண்ணக் கொண்டாந்து விட்டுட்டாக.

— பாவாடைக்குப் பதிலாத் தாவணி வைக்கறாப்பல...

— தாவணியும் வச்சாச்சு தாயி. வயசு வந்துருச்சுல்ல.

— வேண்டாம்மா. நீங்க எதையாவது ஒண்ணை வாங்கி வெச்சுடுங்கோளேன். பெட்டிக்குள்ள இருக்கப் போற புஸ்தகம்தானே?

— அப்படி வைக்க முடியாதுங்க. வச்ச புத்தகம் வச்ச மேனிக்கு இருக்குறதில்ல.

— அப்படின்னா?

— பக்கம் மடங்கியிருக்கும். நடுவுல மயிலெறகு இருக்கும். நாங்க வச்சதில்ல. சில நா பொட்டியத் தெறந்தாப் பாவாட ஓரமெல்லாம் ஈரமா இருக்கும். அம்புட்டு வெயில்லயும் ஈரம். தப்பான புத்தகத்த வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க. ஒருக்கா எட்டாப்புக்குப் பதிலா ஏழாப்பு இங்கிலீசு புத்தகத்தக் கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான். விடிஞ்சு பாத்தா வாசப்படியில கெடக்கு.

— போதும், போதும். மேல சொல்லாதேங்கோ.

— நான் செத்த வெளிய போயி ஒரு பீடி பத்த வச்சுட்டு வாறேங்க. இங்கன பத்த வைக்கலாங்களா?

— பொண்கள் ஸ்கூல் இது! கேட்டுக்கு வெளியில போங்கோ.

— சீனி, நீ டீச்சரம்மா சொல்றதக் கேட்டுக்க. சும்மா வாயக் குடுக்காத, என்ன?

— ம்.

— போயிட்டாரா? அம்மா சீனியம்மா, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கப்படாது. உங்க துக்கம் புரியறது. ஆனா...

— தாயி, கொஞ்சம் அந்தக் கதவச் சாத்துங்க.

— கதவையா? எதுக்கு?

— அந்த மனுசன் வாறதுக்குள்ள சொல்லிப்புடுறேன். கன்னியுமில்ல ஒண்ணுமில்ல தாயி. புத்தகத்தப் படிக்கிறது எங்க சின்னவ.

— சின்னவளா?

— ஒச்சம்மா. எம் ரெண்டாவது மக. அக்காளும் தங்கச்சியும் சேந்துதான் பள்ளிக்கூடம் போயிட்டு வந்தாக. பெரியவ கெணத்துல விழுந்தப்ப இவ கரையில நின்னுருக்கா. அன்னையில இருந்து, இந்தப் புள்ள பள்ளிக்கூடத்து வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னு அந்த மனுசன் சொல்லிட்டாரு. கெஞ்சிப் பாத்தேன், சண்ட போட்டுப் பாத்தேன். மசியல. அது என்னடான்னா ராவும் பகலும் அக்கா புத்தகத்தையே மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. அப்பத்தான் எனக்கு இந்த ரோசன வந்துச்சு. புள்ளைக்குன்னா வாங்க மாட்டாரு. சாமிக்குன்னா?

— அடி சக்கை! அப்போ வெள்ளிக்கிழமை சாமி வரது...

— எம்மேலதான் வரும். வராது தாயி, நானா ஆடுறேன். மொத வாட்டி மட்டும் நெசமாவே வந்துச்சோ என்னமோ, அது எனக்குச் சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் நாந்தான். "ஏழாப்புப் புத்தகம் வேணும்ப்பா"ன்னு செல்லத்தாயி கொரலுல கேப்பேன். அந்த மனுசன் ஏங்கி ஏங்கி அழுவாரு. எனக்குப் பாவமா இருக்கும். ஆனா புத்தகம் வந்துரும்ல?

— அப்போ மயிலிறகு, மடிச்ச பக்கமெல்லாம் அந்தப் பொண்ணு வேலை. ஈரப் பாவாடையும்?

— ஆசைக்கு எடுத்துக் கட்டிட்டு அலசி வச்சிருப்பா. புள்ளதான தாயி.

— அப்பாடா! நான் பயந்தே போயிட்டேன், கேட்டேளா. சரி, நெஜமாவே படிக்கறாளா? இல்லை, படம் பாக்கறாளா?

— வீட்டு உள்சுவத்துல கரித்துண்டால கணக்குப் போடுவா. நாங்க வேலைக்கோ சந்தைக்கோ போனா அந்த மனுசன் வெளியப் பூட்டிட்டுத்தான் வருவாரு. திரும்பி வந்து பூட்டத் தெறந்தா சுவரு பூராக் கணக்கா இருக்கும்.

— பொண்ணை உள்ள வெச்சுப் பூட்டிட்டா வருவார்! இன்னிக்குமா?

— இன்னைக்குந்தான். சோத்த உள்ள வச்சுட்டு வந்துருக்கேன்.

— என்ன மனுஷர் இவர்! வரட்டும், பேசிக்கறேன். அது கெடக்கட்டும், என்ன கணக்குப் போடறான்னு உங்களுக்குத் தெரியுமா?

— எனக்கு ஒரெழுத்து தெரியாது. ஆனா கோலம் போடுற கை தாயி. ஒருக்காப் பாத்தேன்னா அப்படியே போட்டுருவேன். அந்தச் சாக்குப்பீச எடுத்துக்கவா?

— எடுத்துக்கோங்கோ. இந்தாங்கோ, போர்டுல போடுங்கோ.

— இந்தா இப்படி ஒரு வேலி. உள்ள ரெண்டு பிறை, முதுகோட முதுகு ஒட்டுனாப்புல. பக்கத்துல படுக்கையா ஒரு கோடு. அப்பறம் வாத்து மாதிரி ஒண்ணு. வேலிய அடைச்சாச்சு. திரும்ப இன்னொரு வேலி. அதே பிறை, அதே கோடு, ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வளைவு...

— இருங்கோ இருங்கோ. இது எக்ஸ். எக்ஸ் மைனஸ் ரெண்டு, இன்டு எக்ஸ் மைனஸ் மூணு. அம்மா, இது ஒன்பதாங் கிளாஸ் கணக்கு!

— இன்னும் இருக்கு தாயி. கீழ வரி. பிறைக்குத் தலையில குட்டி வாத்து. கோடு. தொப்பி வச்ச அரிவா மாதிரி இது. திரும்பப் பிறை. கோடு. இது கொக்கி மாதிரி, வயித்துல சுழிச்சது. அம்புட்டுத்தான்.

— எக்ஸ் ஸ்கொயர்டு, மைனஸ் அஞ்சு எக்ஸ், மைனஸ் ஆறு. எல்லாம் சரி, கடைசியில மட்டும் தப்பு. மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ் வரணும். மைனஸ்னு போட்டுட்டா.

— தப்பா? நான் போட்டதுல தப்பா இருக்கும்.

— இல்லை, இது உங்க தப்பு இல்லை. இது கணக்குப் போடற பொண்ணோட தப்பு. என் கிளாஸ்ல பாதிப் பொண்கள் இதைத்தான் பண்ணுவா. புஸ்தகத்தைப் பாத்துக் காப்பியடிச்சா இந்தத் தப்பு வராது. தானா போட்டுப் பாத்தாத்தான் வரும். எனக்கு இப்போ எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? தெய்வம் எங்கேயாவது மைனஸ்ல தப்புப் பண்ணுமா? ஒங்காத்துல இருக்கறது அசல் பொண்ணு, ரத்தமும் சதையுமா!

— இன்னொண்ணு விட்டுப்போச்சு தாயி. அந்தக் கடேசிக் கோட்டச் சுத்தி ஒரு வட்டம் இருக்கும். இந்தா, இப்படி.

— வட்டமா? சரியாத் தப்பு இருக்கற எடத்துலயா?

— ஆமா. அது மறுநாதான் வந்துச்சு. இது மட்டுமில்ல, அங்கங்க இருக்கும் அந்த மாதிரி வட்டம்.

— வேடிக்கையா இருக்கே. தப்பு தன் கண்ணுல பட்டா அழிச்சுத்தானே எழுதுவா. வட்டம் போடறது திருத்தறவா பழக்கம்னா. யார் சொல்லிக் குடுக்கறா அவளுக்கு?

— ஆரும் இல்ல. ஆரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, அக்கான்னு சொல்லிட்டுச் சிரிப்பா. பெரியவளுக்கு டீச்சர் வெளாட்டுன்னா அம்புட்டு இஷ்டம் தாயி. கையில வேப்பங்குச்சிய வச்சுக்கிட்டுத் தங்கச்சிய ஒக்கார வச்சு மெரட்டுவா. அத நெனச்சு இது தானாப் போட்டுக்குது போல.

— பாவம் கொழந்தை. ரெண்டு வேஷமும் தானே கட்டிண்டிருக்கு. சீனியம்மா, இப்போ நான் சொல்றதை நன்னா மனசுல வாங்கிக்கோங்கோ. இத்தனை நாள் புஸ்தகத்தை வெச்சு ஓட்டிட்டேள். இனிமே ஓடாது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரின்னா கண்ணாடிக் குப்பியில மருந்தைக் கலந்து, கண்ணால பாத்து எழுதணும். அதைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்ட முடியாது. அவ ஸ்கூலுக்கு வரணும்.

— அதுக்குத்தான் தாயி நான் இன்னைக்குக் கூட வந்ததே. என்ன கேக்கணும்னு சொல்லுங்க. வெள்ளிக்கெழம செல்லத்தாயி கேட்டுருவா.

— சமத்து! மொதல்ல எட்டாவதுக்குன்னு ஒரு பரீட்சை இருக்கு, வீட்டுல இருந்தே படிச்சு எழுதலாம். அதுல தேறினா அடுத்து எஸ்.எஸ்.எல்.சி.யும் தனியா எழுதலாம். அதுவும் தேறிட்டா எந்த ஸ்கூல்லயும் பிளஸ் ஒன் தட்டிக் கழிக்க முடியாது. மொதல் குரூப்ல நானே கொண்டு போய்ச் சேத்து விடறேன். பரீட்சைக்கு உண்டானதையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க சாமி மூலமா ஒண்ணே ஒண்ணு கேட்டாப் போதும்: "தங்கச்சியை அனுப்பு"ன்னு.

— தங்கச்சிய அனுப்பு. அம்புட்டுத்தான?

— அவ்வளவுதான்.

— ஒங்க பேரச் சொல்லி வெளக்குப் போடுவேன் தாயி. எம் புள்ள வெளிச்சத்தப் பாக்கணும். மூஞ்சி வெளுத்துப் போயிக் கெடக்கா. சுவத்துப் பக்கமே ஒக்காந்து ஒக்காந்து, சில நேரம் எது சுவரு எது புள்ளைன்னு எனக்கே தெரியாது.

— அழாதேங்கோ. அவளுக்கு இந்த மைனஸ் விஷயத்தை மட்டும் நான் சொன்னேன்னு சொல்லுங்கோ. யாரோ செருப்பைத் தேய்ச்சுண்டு வர சத்தம் கேக்கறது. கண்ணைத் தொடைச்சுக்கோங்கோ.

— டீச்சரம்மா, கதவு சாத்தியிருக்கு? உள்ள வரலாங்களா?

— வாங்கோ, வாங்கோ. காத்துல சாத்திண்டுடுத்து.

— சீனி, நீ போயி அந்த வேப்பமரத்தடியில சோத்துப் பொட்டலத்தப் பிரி. சாப்டுட்டுக் கெளம்புவோம். வண்டிக்கு நேரமாச்சு.

— மூணு கட்டியாந்தேன். ஒண்ணச் சின்னவளுக்கு அப்படியே கொண்டு போயிருவோமா? காலையில வச்சது பத்துமோ என்னமோ.

— சரி, கொண்டு போவோம். நீ போ.

— வாறேன் தாயி. நான் சொன்னது... மறந்துறாதீக.

— போயிட்டு வாங்கோ. நிச்சயமா.

— எந்தக் குரூப்புன்னு முடிவு பண்ணிட்டீகளா டீச்சரம்மா?

— முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உக்காருங்கோ. இல்லை, நில்லுங்கோ. செத்துப்போன பொண்ணுக்கு வருஷா வருஷம் புஸ்தகம் வாங்கத் தெரியறது. உயிரோட இருக்கறதை வீட்டுல வெச்சுப் பூட்டறேளே, நன்னாருக்கா?

— சீனி சொன்னாளா?

— சொல்லாம? பெத்த வயிறு. ஒச்சம்மாவைப் பத்தி எல்லாம் சொன்னா. ஒரு கொழந்தை கெணத்துல விழுந்துதுன்னா அதுக்குப் பள்ளிக்கூடம் என்ன பண்ணும்? இன்னொரு கொழந்தையை இருட்டுல போட்டு அடைப்பாளா யாராவது? நீங்கள்லாம் ஒரு தகப்பன்!

— நல்லா வைங்க. வைங்க டீச்சரம்மா. ஊர்லயும் எல்லாரும் எம் பொஞ்சாதி முன்னால இப்படித்தான் வைவாக. நான் அப்படித்தான் வையச் சொல்லியிருக்கேன்.

— என்னது, வையச் சொல்லியிருக்கேளா?

— கெணத்துல மொதல்ல விழுந்தது ஒச்சம்மாதாங்க.

— என்ன சொல்றேள்?

— சின்னவ தண்ணி குடிக்க எட்டிப் பாத்து வழுக்கிட்டா. தூக்குறேன்னு பெரியவ குதிச்சுட்டா. நீச்சத் தெரியாது. ஒண்ண ஒண்ணு கட்டிக்கிட்டுக் கெடந்துச்சுக. பிரிக்க முடியல. அப்படியே ஒரே கட்டில்ல வச்சுத்தான் தூக்கியாந்தோம்.

— இல்லை... அவ கரையில நின்னான்னு சொன்னாளே.

— கரையில நின்னது அவ பைக்கட்டுங்க. அதத்தான் இவ பாத்தா. சின்னவ நிக்கிறா, அவளுக்கு ஒண்ணுமில்லன்னா. அதே பிடியா இருந்துட்டா. பெரியவள அழுது தீத்துட்டா டீச்சரம்மா. ரெண்டாவதையும் சேத்து அழ அவகிட்டத் தெம்பு இல்ல. அன்னையில இருந்து மூணு தட்டு வைக்கிறா. தல சீவி விடுறேன்னு காத்துல சீப்ப இழுக்குறா. ஒரு வருசம் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், ஒச்சு இல்லடி, இல்லடின்னு. அரளி விதைய அரைச்சுட்டா. அப்பறம் நான் சொல்றத விட்டுட்டேன்.

— அப்போ ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன்னது...

— பின்ன என்னங்க செய்யிறது? இந்தா எம் மக, சேத்துக்கங்கன்னு வெறுங்கையப் பிடிச்சுக் கூட்டியாந்து ஒங்க முன்னால நிப்பா. நீங்க எங்கம்மா புள்ளைன்னு கேப்பீக. அந்த ஒரு வார்த்தைய அவ தாங்குவாளா? அதுக்குத்தான் போகக்கூடாதுன்னுட்டேன். பொல்லாதவன்னு நெனச்சுக்கட்டும். எம்மேல கோவப்பட்டுக்கிட்டு உசிரோட இருக்கால்ல, அது போதும். வெள்ளிக்கெழம அவ ஆடுறது சாமி இல்லன்னு எனக்குத் தெரியாதா? மக கொரலக் கேக்க ஆசையா இருக்கும், கேட்டு அழுதுக்குவேன்.

— ஐயோ, மலைச்சாமி. நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! தங்கச்சியை அனுப்புன்னு கேக்கச் சொல்லிட்டேனே அவாகிட்ட. வெள்ளிக்கிழமை கேப்பா.

— கேட்டா... கேக்கட்டும். தை மாசம் பாப்போம், ஆனி மாசம் பாப்போம்னு தள்ளிக்கிட்டே போக வேண்டியதுதான். தள்ளத் தெரியும் எனக்கு.

— அப்போ சுவத்துல கணக்குப் போடறது உங்க சம்சாரம்தானா? தனக்கே தெரியாம எழுதறாளோ?

— அவளுக்கு எழுதத் தெரியாதுங்க.

— கோலம் மாதிரிப் போடுவேன்னாளே. புஸ்தகத்தைப் பாத்துச் சுவத்துல வரைஞ்சிருப்பா.

— அவ வரையல. சந்தைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவோம், ஒண்ணாத்தான் வருவோம். பூட்டுறதும் நான், தெறக்குறதும் நான். சாவி இந்தா, எம் மடியில. தெறந்தாக் கரி உதுந்து கெடக்கும் கீழ. இந்தப் போர்டுல இருக்குறதும் அதே கணக்குத்தான? எதுக்கு இதப் பாத்துக்கிட்டே இருக்கீக?

— புஸ்தகத்தைப் பாத்து வரைஞ்சிருந்தா இது சரியா இருக்கும். இது தப்பு. யாரோ போட்டுப் பாத்து, தெரியாம தப்புப் பண்ணியிருக்கா. கொழந்தைகள் பண்ற தப்பு.

— அப்படிங்களா.

— நீங்க? உங்களுக்கு எழுதத் தெரியுமோ?

— கைநாட்டுங்க.

— சொந்தக்காரா, பக்கத்தாத்துப் பசங்க யாராவது கூரையைப் பிரிச்சுண்டு...

— ஓட்டு வீடு. அந்த வீட்டுக்குள்ள ஆரும் காலெடுத்து வைக்க மாட்டாக டீச்சரம்மா. நானே ஒரு ராத்திரி கடேசிச் சுவரப் பூராச் சுண்ணாம்பு அடிச்சேன். விடிஞ்சா வெள்ளச் சுவத்துல இன்னும் பளிச்சுன்னு இருக்கு. அப்பறம் அடிக்கிறத விட்டுட்டேன். மனசு கேக்கல.

— மலைச்சாமி, உண்மையைச் சொல்லுங்கோ. உங்காத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்சவா வேற யார்தான் இருக்கா?

— அந்த ரெண்டு பேருதாங்க. சின்னவ கணக்குப் போடுவா. தப்பா இருந்தாப் பெரியவ வட்டம் போடுவா.